ஒன்பது பலகை

அரிசி டின்னின் மூடியில் மணல் கிடந்தது. அதிகமில்லை, கறிக்கு உப்புப் போட அள்ளுகிற மாதிரி மூன்று விரலுக்குள் அடங்குகிற அளவுதான். ஆனால் அது வெள்ளை மணல், கடலோரத்து மணல். நடுவில் உடைந்த சிப்பித் துண்டு ஒன்று மின்னியது. டின் இருந்ததோ நடுத் தட்டில், நெஞ்சளவு உயரத்தில். நஜ்முன் நிஸா கையில் தீப்பெட்டியோடு அதைப் பார்த்தபடி நின்றாள். விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. கார்த்திகை மழை ஓய்ந்து ஓட்டு விளிம்பிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது, குசினியின் ஒற்றை யன்னலில் சாம்பல் நிறத்தில் வெளிச்சம் வந்திருந்தது. எலியின் காலில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். எலி மணலைக் கொண்டுவந்து மூடிக்கு நடுவில் குவித்துவிட்டுப் போகுமா என்று மனசின் இன்னொரு மூலை கேட்டது. அதற்குப் பதில் சொல்லாமல் முந்தானையால் துடைத்துவிட்டு அடுப்பை மூட்டப் போனாள்.

வாப்பா மௌத்தாகி அடக்கம் செய்து அன்றைக்குப் பன்னிரண்டாம் நாள்.

அந்தத் தட்டுகள் குசினிக்குள் வந்த விதத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். எழுபத்துநாலாம் ஆண்டு கிண்ணியாவில் வயிறாரச் சாப்பிட்டவர்கள் என்று யாரையும் கைகாட்ட முடியாது. பாணுக்கு இருட்டோடு போய் பேக்கரி வாசலில் வரிசையில் நின்றார்கள். வரிசையின் வால் வந்து சேருமுன் பாண் முடிந்துவிடும். மரவள்ளிக் கிழங்கை அவித்தார்கள், சுட்டார்கள், காயவைத்து இடித்தார்கள். அரிசியை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு நினைத்தபடி கொண்டுபோகக் கூடாது என்று சட்டம் வந்திருந்தது. ஒரு வீட்டில் மூட்டை இருப்பதாகக் கதை கிளம்பினால் மறுநாள் ஜீப் வந்து வாசலில் நிற்கும்.

நிஸாவின் வீட்டில் மூட்டை இருந்தது. தோப்பூரில் கட்டிக்கொடுத்த தங்கைக்கு வயல் இருந்தது. நிஸாவின் புருசன் அன்ஸாருக்கு, வாகனங்களையும் சனங்களையும் அக்கரைக்கு ஏற்றி இறக்குகிற மிதவைப் பாதையில் வேலை. கயிற்றுச் சுருளுக்கு அடியிலும் சாக்குத் துணிக்கு அடியிலுமாக, கொத்துக் கொத்தாக அரிசி வந்து சேர்ந்தது. பேராசையில் சேர்த்தாள் என்று அவளைச் சொல்ல முடியாது. போன வருசம் அவளுடைய ஒன்பது மாத ஆண்பிள்ளை கோதுமை மாக் கஞ்சி ஒத்துக்கொள்ளாமல், வயிற்றோட்டம் நிற்காமல், மூன்றாம் நாள் மடியிலேயே போனான். மிஞ்சியிருந்தது ஐந்து வயது றஹ்மா ஒருத்திதான். றஹ்மாவின் கோப்பையில் சோறில்லாத நாள் இந்த வீட்டில் வரக்கூடாது என்று நிஸா தனக்குள் சத்தியம் செய்திருந்தாள். அந்தச் சத்தியத்துக்காக அவள் எதையும் செய்வாள், செய்தாள்.

குசினியோ சின்னது. ஒரு பக்கம் அடுப்பு, எதிரே பின்வாசல், மேற்குச் சுவரோரம் நாலடி அகலத்தில் சும்மா கிடந்த இடம். மழை பெய்தால் சீமெந்துத் தரையில் ஈரம் ஊறும். சாக்கின் அடி நனைந்து அரிசி புழுங்கத் தொடங்கியது, எலி ஓட்டை போட்டது. தட்டு அடிப்பதைத் தவிர வழியில்லை. தட்டு அடிக்கப் பலகை வேண்டும். காசு கொடுத்தாலும் பலகை கிடைக்காத காலம் அது. ஆனால் வீட்டில் ஒன்பது பலகை இருந்தது.

அவை அவளுடைய வாப்பா ஆதம்பாவாவின் பலகைகள். வெள்ளைக்காரன் திருகோணமலைத் துறைமுகத்தை விட்டுப்போகும்வரைக்கும் அங்கே மரக் களஞ்சியத்தில் வேலை செய்தவர் அவர். கடைசி நாளில் மற்றவர்கள் கயிறும் தகரமும் பெயின்ற் வாளியும் தூக்கிக்கொண்டு வர, ஆதம்பாவா நாலடி நீளத்தில் ஒன்பது தேக்குப் பலகையோடு தோணியிலிருந்து இறங்கினார். அது தான் மௌத்தான பின் தன்னுடைய மையத்துக்கு என்றார். கிண்ணியாவில் அடக்கம் செய்கிற மையவாடி கடற்கரை மணல், வெட்ட வெட்டச் சரியும். மையத்தைக் கபுறுக் குழியில் வைத்து, மேலே சாய்வாகப் பலகை அடுக்கி, அதற்கு மேல்தான் மண் தள்ளுவார்கள். மேனியில் மண் விழக்கூடாது. ஆதம்பாவாவின் தகப்பனுக்கு வைத்தது உக்கின பலகை. முதல் மழைக்கே கபுறு பள்ளமாகிப் போனதைச் சின்ன வயதில் அவர் கண்ணால் கண்டிருந்தார். மௌத்து அவருக்குப் பயமில்லை. நெஞ்சில் மண் விழுவதுதான் பயம். பதினேழு வருசமாக அந்தப் பலகைகளுக்கு எண்ணெய் பூசித் தன் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார். கட்டில் கிடந்ததோ குசினியை ஒட்டிய சாய்ப்பு அறையில். எங்கள் பக்கத்தில் வீடு மகளுக்கு. கல்யாணத்தோடு பெற்றவர்கள் தங்கள் வீட்டிலேயே விருந்தாளியாகி ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடுவார்கள்.

ஆவணியில் சிறுபோக வெட்டுக்கு உதவியாக ஆதம்பாவா தோப்பூருக்குப் போனார். போன மறுநாள் நிஸா கட்டிலுக்கு அடியில் குனிந்தாள்.

"புள்ள, அது மாமாட மையத்துப் பலகை," என்றான் அன்ஸார்.

"தெரியும். இப்ப சும்மாதானே கிடக்கு. அரிசி நனையுது."

தச்சு வேலை செய்கிற ஓடாவி அலியார் வந்தான், பலகையைத் தட்டிப் பார்த்தான், சம்மதத்தோடுதானா என்று கேட்டான். வாப்பா சொல்லிவிட்டுத்தான் போனவர் என்று நிஸா சொன்னாள். சுவரோரம் அளவு பிடித்த அலியார் மறுபடியும் ஒருதரம் அளந்து பார்த்தான். ஒரு பலகையைக்கூட அறுக்க வேண்டியிருக்கவில்லை. மூன்று தட்டு, தட்டுக்கு மூன்று பலகை, பலகைக்கு நாலு ஆணி. அளந்து செய்த மாதிரி அந்த இடத்துக்குள் போய் உட்கார்ந்தன.

ஆதம்பாவா வந்து பார்த்தார். சத்தம் போடுவார் என்று நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு நின்றாள் நிஸா. அவர் உள்ளங்கையால் நடுத் தட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரைக்கும் தடவினார்.

"நல்லாத்தான் அடிச்சிருக்கான்," என்றார். பிறகு, அவளைப் பார்க்காமல், "நேரம் வந்தா கழட்டித் தருவீங்கதானே மகள்?"

"ஓம் வாப்பா. இதென்ன கதை, உங்களுக்கு இப்ப என்ன அவசரம்."

கார்த்திகை முதல் மழையோடு காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் விடிகாலைச் சுபஹுக்கு மனிசன் கண்ணை மூடிவிட்டார்.

வீடு நிறையச் சனம். வெளியே கொட்டுகிற மழை. குசினிக் கதவை நிஸா கொழுக்கி போட்டுப் பூட்டி, முன்னால் பழைய சீலை ஒன்றைத் தொங்கவிட்டாள். உள்ளே கீழ்த் தட்டும் நடுத் தட்டும் நிறைய அரிசி. மையத்தைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கும்போது பள்ளிவாசல் லெப்பை வாசலுக்கு வந்தார்.

"ஆதம்பாவா காக்கா எனக்குப் பலகை காட்டி வச்சவர். எங்க அது? மையவாடியில ஒரு துண்டுப் பலகையும் இல்ல."

நிஸாவுக்கு அந்தக் கணம் நன்றாக நினைவிருக்கிறது. கதவைத் திறக்க வேண்டும். பத்துப் பேர் உள்ளே வந்து மூட்டையெல்லாம் இறக்க வேண்டும். கிழங்கு தின்று வயிறு ஒட்டிப்போன அயல் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும். நாளைக்கு ஜீப் வரும். நாளையின்றைக்கு றஹ்மாவின் கோப்பை வெறுமையாகும்.

"கறையான் தின்டுட்டு," என்றாள். "எல்லாம் உக்கிப்போச்சு."

கூடத்தின் மறுபக்கம் நின்ற அன்ஸார் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. ஆதம்பாவாவை ஈரத் தென்னோலை மட்டையும் பழைய பாயும் போட்டு மூடினார்கள்.

மையத்து வீட்டில் மூன்று நாள் அடுப்பு மூட்டக்கூடாது, அயல்தான் சமைத்துக் கொடுக்கும். நல்ல வழக்கம். அந்த வழக்கத்தின்படி பக்கத்து வீட்டு லைலா, தன் பிள்ளைகளுக்கு வைத்திருந்த கூப்பன் அரிசியில் கஞ்சி காய்ச்சி மூன்று நாளும் கொண்டுவந்தாள். அரிசி மலைக்கு இந்தப் பக்கம் சுவரில் சாய்ந்துகொண்டு நிஸா அந்தக் கஞ்சியைக் குடித்தாள். கண்ணீர் வந்தது. அது வாப்பாவுக்கா, வெட்கத்துக்கா என்று அவளுக்கே தெரியவில்லை.

இப்போது மணல்.

மறுநாள் விடியவும் இருந்தது, இந்த முறை ஒரு பிடி. மூடியில் மட்டுமல்ல, கீழ்த் தட்டின் சாக்கு மடிப்பிலும். அடுத்த நாள் ஈரமாக இருந்தது. விரலால் தொட்டு முகர்ந்தாள். கடல் வாசம் இல்லை. பன்னீரும் கற்பூரமும் கலந்த ஒரு வாசம், அதற்கு அடியில் பச்சை மண்ணின் நெடி. கையைத் தேங்காய்ச் சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவினாள். சோற்றுப் பானையைத் திறந்தபோது ஆவியோடு அதே வாசம் எழுந்தது.

அன்றைக்குத்தான் றஹ்மா முதல் வாய்ச் சோற்றை வெளியே துப்பினாள்.

"உம்மா, மண் கடிக்குது."

நிஸா ஒரு வாய் போட்டுப் பார்த்தாள். நறநறவென்றது. அடுத்த உலைக்கு அரிசியை அரிக்கன் சட்டியில் போட்டு அரித்தாள், கல்லும் மண்ணும் சட்டியின் வரிகளில் தங்க அரிசி மட்டும் நீரோடு வழிந்து வருகிற பழகின வேலை, கை தானாகச் செய்யும். ஏழு தண்ணீர் மாற்றினாள். ஏழாவது தண்ணீரிலும் சட்டியின் வரிகளுக்குள் வெள்ளை மணல் படிந்து கிடந்தது. எட்டாவதிலும். முதுகு நிமிர முடியாமல் போகும்வரைக்கும் அரித்து, ஆக்கி, நெய் விட்டுப் பிசைந்து ஊட்டினாள். பிள்ளை வாயை மூடிக்கொண்டு தலையைத் திருப்பியது. சிணுங்கவில்லை, அடம்பிடிக்கவில்லை, அதுதான் அவளைப் பயப்படுத்தியது. சாயந்தரம் லைலா வீட்டு முற்றத்தில் அவித்த மரவள்ளிக் கிழங்கை இரண்டு கையாலும் பிடித்துத் தின்றுகொண்டிருந்தது அதே பிள்ளை.

மனசு உறுத்தவோ, சோதித்துப் பார்க்கவோ, ஒரு கொத்து அரிசியைச் சீலைக்குள் மறைத்துக் கொண்டுபோய் லைலாவிடம் கொடுத்தாள் நிஸா. மறுநாள் கிணற்றடியில் லைலா சொன்னாள்.

"நல்ல அரிசி நிஸா. ஒரு கல்லு, ஒரு உமி இல்ல. பிள்ளைகள் பானையை வழிச்சித் தின்டதுகள்." பிறகு குரலைத் தாழ்த்தாமலே, "எங்கால கிடைச்சது?" என்று கேட்டாள்.

நிஸா வாளியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அப்படியென்றால் அரிசியில் மண் இல்லை. அந்த நினைப்பு வாளித் தண்ணீரைவிடக் கனமாக இருந்தது.

சத்தம் அதற்குப் பிறகு. மழை விட்ட பகல் நேரங்களில், அன்ஸார் துறையடிக்குப் போனபின், வீட்டில் ஈ பறந்தாலும் கேட்கிற அமைதியில், மேல் தட்டிலிருந்து நடுத் தட்டுக்கும் நடுத் தட்டிலிருந்து கீழ்த் தட்டுக்கும் ஏதோ உதிர்ந்து விழுகிற மெல்லிய சரசரப்பு. போய்ப் பார்த்தால் நிற்கும். திரும்பி இரண்டடி வைத்தால் தொடங்கும். அதோடு மரத்தின் முனகல். தலைக்கு மேல் பெரிய பாரம் ஏறினால் தாங்குகட்டை போடுகிற சத்தம் அது. ஆனால் மேல் தட்டில் இருந்தவை இரண்டு மிளகாய்ப் பைகள். அவற்றையும் இறக்கி வைத்தாள். வெறும் பலகை நடுவில் வளைந்திருந்தது. பதினேழு வருசம் எண்ணெய் குடித்த தேக்கு, பாரமே இல்லாமல் கீழ்நோக்கி வளைந்து, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் கொஞ்சம் இறங்கியது. நடுத் தட்டில் நேற்றுவரைக்கும் வழுக்கிக்கொண்டு வந்த பெரிய பிஸ்கற் டின்னை இன்றைக்கு இழுக்க முடியவில்லை. மேல் பலகை அதன் மூடியில் உட்கார்ந்திருந்தது.

றஹ்மா இப்போது விளையாடுவதெல்லாம் கீழ்த் தட்டுக்கு அடியில். தரை ஈரம் என்பதால் அங்கே எதையும் வைப்பதில்லை, ஒரு பிள்ளை குந்துகிற உயரம் இருந்தது. எத்தனை தரம் இழுத்து வெளியே விட்டாலும் கொஞ்ச நேரத்தில் அங்கேதான் இருப்பாள். பொம்மை இல்லை, பேச்சு இல்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு மேலே பலகையைப் பார்த்தபடி இருப்பாள். கை கால் மெலிந்து, கண் மட்டும் பெரிதாகிக்கொண்டு வந்தது.

"கழட்டுங்க," என்றாள் நிஸா, அன்ஸார் சோற்றுக்கு உட்கார்ந்தபோது. "இண்டைக்கே கழட்டுங்க."

"கழட்டி அரிசிய எங்க வைக்கிற? றோட்டிலயா?"

"எங்கயாவது கொட்டுங்க. என்ட பிள்ளை தின்னுதில்ல."

அன்ஸார் ஒரு வாய் சோற்றை மென்றான். நறநறப்பு அவளுக்கும் கேட்டது. அவன் முகத்தைச் சுழிக்காமல் விழுங்கினான், இத்தனை நாளும் அப்படித்தான் விழுங்கிக்கொண்டிருந்தான் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"லெப்பை கேட்ட அண்டைக்குக் கழட்டியிருக்கணும்," என்றான்.

"நீங்களும் வாயைத் திறக்கல்லயே."

"திறக்கல்லதான்." கோப்பையைத் தள்ளி வைத்தான். "கபுறுக்குள்ள இறங்கி மட்டையை அடுக்கினது நான். மண் தள்ளத் தொடங்கினவுடனே ரெண்டு மட்டை முறிஞ்ச சத்தம் கேட்டது. முழங்கால் அளவு மண்கூட ஏறல்ல. எல்லாருக்கும் முன்னால சொல்ல வெக்கமாப் போச்சு. மண்வெட்டிய வாங்கி நானும் மண்ணைத் தள்ளினனான்."

குசினியின் மேற்குச் சுவரை இரண்டு பேரும் பார்க்காமல் இருந்தார்கள்.

வேலை முடிந்து வந்து கழற்றுவதாகச் சொல்லிவிட்டு விடியப் போனவன் அன்றைக்கு வரவில்லை. மகாவலி பெருகி, பாதையின் கம்பி அறுந்து, அக்கரையில் நிற்பவர்கள் அக்கரையிலேயே என்று துறையடியிலிருந்து சொல்லிவிட்டார்கள். மறுநாளும் வெள்ளம் வடியவில்லை. இரண்டு நாளாகப் பிள்ளையின் வாயில் தண்ணீரைத் தவிர ஒன்றும் போகவில்லை, லைலா வீட்டுக் கிழங்கும் இப்போது இறங்கவில்லை. பகல் சரிகிற நேரம், மழை மறுபடியும் இறுகிக்கொண்டு வந்தபோது, நிஸா றஹ்மாவைக் கூடத்துப் பாயில் தூங்கப் போட்டு, போர்வையால் மூடி, அன்ஸாரின் பெட்டியிலிருந்து ஆணி பிடுங்குகிற குறட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள். பலகையைக் கழற்றி, லைலா வீட்டு ஆம்பிளைகளைக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் சொல்லி, மையவாடிக்கு அனுப்புவது. ஜீப் வரட்டும். ஊர் காறித் துப்பட்டும். அவளுக்கு இனி ஒன்றுமே பெரிதில்லை, பிள்ளை ஒரு வாய் தின்றால் போதும்.

மூட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்துக் கூடத்தில் போட்டாள். டின்களை இறக்கினாள். சிக்கிக்கொண்டிருந்த பிஸ்கற் டின்னை உதைத்து நசுக்கி வெளியே எடுத்தாள். மூன்று தட்டும் வெறுமையாயின. ஓட்டில் மழை பேரிரைச்சலாக இருந்தது, யன்னலில் வெளிச்சம் மங்கி அடுப்பின் தணலே பெரிய வெளிச்சமாகத் தெரிந்தது.

கீழ்த் தட்டிலிருந்து தொடங்கினாள். முதல் ஆணியைக் குறட்டால் பிடித்தாள். இழுக்க வேண்டியிருக்கவில்லை. ஈர மணலில் குத்திய குச்சி மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. அடுத்ததை விரலாலேயே எடுத்தாள். பன்னிரண்டு ஆணி. பன்னிரண்டும் குளிர்ந்து, நனைந்து, தரையில் கிடந்தன. பலகைகள் விழவில்லை.

சுவரோடு அடித்திருந்த தாங்குகட்டைகளைப் பின்வாசலில் கிடந்த மண்வெட்டியின் முனையால் நெம்பினாள். இரண்டும் பெயர்ந்து விழுந்தன.

பலகைகள் விழவில்லை.

ஓர் ஆணி இல்லை. கீழே கட்டை இல்லை. சுவரைத் தொடவும் இல்லை. மூன்று பலகையும் இருந்த இடத்தில் இருந்தன.

ஓடியிருக்க வேண்டும். கூடத்துக்கு ஓடி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு லைலா வீட்டுக்கு ஓடியிருக்க வேண்டும். அவள் ஓடவில்லை. எவ்வளவு பயமோ அவ்வளவு ஆத்திரமும் அவளுக்குள் இருந்தது. இந்த மரத்தால்தான் எல்லாம். முன் பலகையை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினாள். காலைச் சுவரில் ஊன்றி இழுத்தாள். பலகை ஒரு முனையில் கொஞ்சம் இறங்கியது.

இடுக்கால் மணல் கொட்டியது.

மேலே ஒன்றுமில்லை. நடுத் தட்டின் வெறும் அடிப்பக்கம் அவள் கண்ணுக்கு நேரே தெரிந்தது. அந்த ஒன்றுமில்லாத இடத்திலிருந்து மணல் கொட்டியது. கயிறு மாதிரி, நிற்காமல், ஈரமாக. கொட்டின மணல் சீமெந்தில் விழுகிற சத்தம் கேட்கவில்லை. மெத்தென்று விழுந்தது. துணியில் விழுகிற சத்தம்.

குனிந்தாள்.

கூடத்துப் பாயில் தூங்கப் போட்ட றஹ்மா அங்கே கிடந்தாள். வலப் பக்கமாக. முகம் மேற்குச் சுவரைப் பார்த்து, கன்னம் தரையில் படிய, கால்கள் நேராக. எந்தப் பிள்ளையும் அப்படித் தூங்குவதில்லை. மையத்தைத்தான் அப்படி வைப்பார்கள்.

"மகள்."

மணல் அவள் இடுப்பை மூடியிருந்தது.

நிஸா உள்ளே புகுந்தாள். கையும் முழங்காலும் ஊன்றி, பிள்ளைக்கு மேலாக. தொட்டாள். சூடு இருந்தது. மூச்சு இருந்தது. அக்குளுக்குள் கையைக் கொடுத்து இழுத்தாள். அசையவில்லை. மணல் பிடித்திருந்தது. மறுபடியும் இழுக்கக் கையை மாற்றினாள்.

பலகை முதுகில் இறங்கியது.

ஒன்று. பிறகு மற்றது. பிறகு மூன்றாவது, சாய்வாக, விளிம்போடு விளிம்பு சேர்ந்து. அடுப்பின் தணல் ஒரு கோடாகத் தெரிந்தது. கோடு மெலிந்தது. அணைந்தது. மழைச் சத்தமும் நின்றுபோனது.

மரத்தின் பாரமில்லை அது. குளிர்ந்த, ஈரமான, அகலமான பாரம். இரண்டு கையையும் பிள்ளையின் இரண்டு பக்கத்திலும் ஊன்றிக்கொண்டாள். முதுகால் தாங்கினாள். கத்தினாள். சத்தம் வெளியே போகவில்லை, அவள் முகத்திலேயே மோதி நின்றது.

இருட்டுக்குள் றஹ்மா அசைந்தாள்.

"உம்மா."

"ஓம் மகள். ஓம். உம்மா இருக்கன்."

"பசிக்குது உம்மா. சோறு தாங்க."

எத்தனை நாளைக்குப் பிறகு அந்தச் சொல். கூடம் நிறைய அரிசி கிடந்தது. பிள்ளையின் உதட்டில் மணல் இருந்தது, மூச்சில் அது கேட்டது. துடைத்துவிட ஒரு கையை எடுத்தால் மற்றக் கை தாங்காது. நிஸா கையை எடுக்கவில்லை.

மேலே காலடிகள். பலபேர். மணலில் வெறுங்காலோடு நடந்து வந்து, வரிசையாக நின்றார்கள். மையத்தை அடக்கினால் வந்தவர்கள் ஒவ்வொருவரும் மூன்று பிடி மண் போட்டுவிட்டுத்தான் போவார்கள். பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. அந்தச் சத்தத்தை அவள் வாழ்நாளில் கேட்டதில்லை. கேட்டவுடன் தெரிந்தது.

ஒரு பிடி. இரண்டு பிடி. மூன்று பிடி.

காலடி நகர்ந்தது. அடுத்தவர் வந்தார். முழங்கை நடுங்கத் தொடங்கியது. அவள் நெஞ்சுக்கும் பிள்ளையின் தோளுக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. இரண்டாமவர் போட்டு முடித்தபோது நாலு விரல்.

ஊர் முழுக்க வந்திருந்தது. மூன்றாமவர் குனிந்து மண்ணை அள்ளினார்.